எட்டில் பாதி எங்கே?

கெட்டி அட்டையில் 5 செ.மீ. நீளத்துக்கு இரண்டு பட்டைகள், 2 செ.மீ. நீளத்துக்கு ஒரு குட்டைப் பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். நீளப் பட்டைகளின் ஒரு முனையை மட்டும், 10.2 செ.மீ. இடைவெளி விட்டுப் பலகையில் குண்டூசியால் குத்துங்கள். மறுமுனைகள் இரண்டையும் குட்டைப் பட்டையால் இணைத்து, அதன் நட்டநடுவில் ஒரு துளை போட்டுப் பென்சிலை நுழையுங்கள். பட்டைகள் எங்கெங்கே இடங்கொடுக்கின்றனவோ அங்கெல்லாம் பென்சிலை ஓட்டினால், தாளில் ஒல்லியான ஓர் எட்டு விழும்.

அந்த எட்டின் நடுப்பகுதி ஏறக்குறைய நேர்கோடு. ஜேம்ஸ் வாட் 1784இல் காப்புரிமை பெற்றது இந்த ‘ஏறக்குறைய’வுக்குத்தான். அதுவரை நீராவி எந்திரத்தின் பிஸ்டன் உத்தரத்தைக் கீழே இழுத்தது, அவ்வளவே. அதற்குச் சங்கிலி போதும். இரு பக்கமும் நீராவி செலுத்தத் தொடங்கியபோது பிஸ்டன் தள்ளவும் வேண்டியிருந்தது. சங்கிலியால் தள்ள முடியுமா? உத்தரத்தின் முனை வில்லாக வளைந்து போகும், பிஸ்டனோ நேராக மட்டுமே போகும். இரண்டையும் சமாதானம் செய்து வைத்தவை மூன்று சட்டங்கள். தன் மற்ற எந்தக் கண்டுபிடிப்பையும்விட இதில்தான் தனக்குப் பெருமை என்று பின்னாளில் மகனுக்கு எழுதினார் வாட்.

இப்படி ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு நகரும் புள்ளியின் தடத்தை நம் பாடநூல்கள் நியமப்பாதை என்கின்றன, இலங்கையில் ஒழுக்கு. (ஒழுக்கு அழகான சொல். நீர் ஒழுகுவதும் நினைவுக்கு வருகிறது, நெறியும் வருகிறது.) அட்டையில் செய்ததைக் கணினியிலும் பார்க்கலாமே என்று ஒரு வடிவியல் மென்பொருளைத் திறந்தேன். ஊசிகள் இருந்த இடங்களை மையமாகக் கொண்டு 5 செ.மீ. ஆரமுள்ள இரண்டு வட்டங்கள். முதல் வட்டத்தின் மேல் ‘அ’ என்ற புள்ளி. ‘அ’வை மையமாகக் கொண்டு 2 செ.மீ. ஆரத்தில் ஒரு சிறு வட்டம்; அது இரண்டாம் வட்டத்தை வெட்டும் இடம் ‘ஆ’. இரண்டுக்கும் நடுப்புள்ளி ‘ந’. ‘அ’ நகரும்போது ‘ந’ போகும் பாதையைக் காட்டு என்றேன். காட்டியது. எட்டில் பாதியை.

தப்பு என்னுடையதுதான். இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு; நான் ஒன்றைத் தொட்டு ‘ஆ’ என்று பெயர் வைத்தேன். மென்பொருள் கடைசிவரை அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டது. அட்டைப் பட்டைகள் அப்படி அல்ல. ‘அ’ தன் எல்லையைத் தொடும்போது குட்டைப் பட்டையும் இரண்டாம் பட்டையும் ஒரே கோட்டில் விறைத்து நிற்கின்றன. இரண்டு வெட்டுப்புள்ளிகளும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. அடுத்த கணம் ‘அ’ வந்த வழியே திரும்ப, ‘ஆ’வோ திரும்பாமல் மேலே போகிறது. யாரையும் கேட்காமல் அடுத்த பாதிக்குள் நுழைந்துவிடுகிறது. அட்டைக்குத் தான் வந்த வேகம் தெரியும். மென்பொருளுக்கு இந்தக் கணத்தின் எண்கள் மட்டுமே தெரியும்.

திரையில் தெரியும் வளைவும் உண்மையில் வளைவு அல்ல. ‘அ’வைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ‘ந’ எங்கே என்று கணக்கிட்டு, புள்ளிகளைக் குட்டிக் கோடுகளால் இணைத்த கோலம் அது. நம் உதாரணத்தில் ‘அ’ சுற்றக்கூடிய 360 பாகையில் சுமார் 77 பாகைக்குத்தான் விடை உண்டு; மற்ற இடங்களில் வட்டங்கள் தொட்டுக்கொள்வதே இல்லை. எல்லையை நெருங்கும்போது இன்னொரு வம்பு: அங்கே நகர்வு வர்க்கமூலக் கணக்கில் நடக்கிறது. ‘அ’ 0.0001 அளவு நகர்ந்தால் ‘ஆ’ 0.01 என்ற அளவில் தாவும். சம இடைவெளியில் புள்ளி வைத்தால் வளைவின் நுனி கத்தரித்தது போலாகிவிடும். அதனால் அந்த இடத்தில் அடியை மேலும் குறுக்கி வைக்க வேண்டும்.

யூர்கன் ரிக்டர்-கெபெர்ட்டும் உல்ரிக் கோர்ட்டன்காம்ப்பும் உருவாக்கிய சின்ட்ரெல்லா என்ற மென்பொருள், பாதி எட்டோடு நின்றுபோகும் சிக்கலுக்கு விசித்திரமான வழி கண்டது. வெட்டுப்புள்ளிகள் ஒன்றாகும் ஆபத்தான இடத்தை நேராகக் கடக்காமல், கலப்பெண்களின் உலகுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறுகிறது. தொடர்ச்சி அறுவதில்லை. ஆனால் அதற்கு விலை உண்டு. ஒரு புள்ளியை இழுத்துச் சென்று புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விட்டாலும், படம் பழையபடி இல்லாமல் போகலாம். தாவாமல் நகரும் படமும் வேண்டும், ஒரே நிலைக்கு எப்போதும் ஒரே படமும் வேண்டும் என்றால் கணிதம் கையை விரித்துவிடுகிறது.

புள்ளி வைப்பதையே விட்டுவிட்டுச் சமன்பாட்டைப் பிடிப்பது இன்னொரு வழி. பட்டைகளின் நீளங்களைச் சமன்பாடுகளாக எழுதி, ‘அ’வையும் ‘ஆ’வையும் நீக்கினால், ‘ந’வின் ஆயங்கள் மட்டும் கொண்ட 6ஆம் படிச் சமன்பாடு மிஞ்சும். நீக்கும் கலையை 1965இல் முறைப்படுத்தியவர் ஆஸ்திரியாவின் புருனோ புக்பெர்கர். அதற்குத் தன் நெறியாளர் க்ரோப்னரின் பெயரைச் சூட்டினார். சமன்பாட்டுக்கு இந்த வெட்டுப்புள்ளி, அந்த வெட்டுப்புள்ளி என்ற பேதம் கிடையாது. முழு எட்டும் கிடைக்கும்.

சில சமயம் கேட்டதற்கு மேலும் கிடைக்கும். ஊசிகளின் இடைவெளியையும் நடுப்பட்டையையும் 7.07 செ.மீ. ஆக்கிப் பாருங்கள். அதே சமன்பாடு இரண்டாகப் பிளக்கிறது: ஒரு வட்டம், கூடவே 1694இல் யாக்கோபு பெர்னூலி எழுதிய லெம்னிஸ்கேட் என்ற எட்டு. பட்டைகள் இணைகரமாக நகர்ந்தால் வட்டம். குறுக்காகப் பின்னிக்கொண்டால் எட்டு. எல்லாப் பட்டைகளும் ஒரே கோட்டில் படுத்திருக்கும் கணத்தில் எந்தப் பக்கமும் போகலாம்.

இந்தத் தடுமாற்றம் இரும்புக்கும் உண்டு. நீராவி ரயில் எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் தண்டு இதே இணைகரம்தான். அதனால் ஒரு பக்கத்துக் கிராங்கை மறுபக்கத்திலிருந்து 90 பாகை தள்ளிப் பொருத்தினார்கள். ஒரு பக்கத்துத் தண்டு நேர்கோட்டில் படுத்துவிட்டு எந்தப் பக்கம் போவதென்று விழிக்கும்போது, மறுபக்கத்துக் கிராங்க் நட்டுக்க நின்று வழி சொல்லும்.