லாங்போர்டு: பசையில்தான் பலம்

மாணவர்களே, தம்பின் பக்கத் தோட்டங்களில் பால் குறைந்த ரப்பர் மரங்களை 25, 30 ஆண்டுகளில் வெட்டிவிடுவார்கள். முன்பு விறகாய்ப் போன அந்த மரம் இன்று மேசை, நாற்காலியாகிறது. லாங்போர்டு செய்யலாமா? செய்யலாம். ஆனால் ஒற்றைப் பலகையில் நார் ஒரே திசையில் ஓடும். விறகு போலப் பிளந்துவிடும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பிளைவுட்டே நல்லது.

6 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டாமல் ஏறி நின்றால் தொய்யும். ஏன்? உங்கள் நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன அல்லவா? பசை அந்த வழுக்கலைத் தடுக்கிறது. விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது: ஒட்டாத இரண்டு பலகைக்கு 1+1=2 என்றால், ஒட்டியதற்கு 2×2×2=8. நான்கு மடங்கு! ஆகவே மரப்பசையை மூலைவரை தடவி, கிளாம்ப் போட்டு, ஓர் இரவு முழுக்க விடுங்கள். அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

பிறகு இரு முனைகளையும் செங்கல்மேல் வைத்து நடுவில் மெல்ல ஏறுங்கள். 'கிறீச்' என்றால் இறங்கிவிடுங்கள். அந்தப் பலகை சாலைக்கு வேண்டாம்.

சக்கரத்தைக் கடையில் வாங்குங்கள். பழைய களிமண் கலவைச் சக்கரம் சிறு கல்லில் பட்டாலே நின்றுவிடும், ஆள் பறப்பார். 1970களில் அமெரிக்கர் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி கொண்டுவந்த பாலியூரிதேன் சக்கரம் கல்லின்மேல் அமுங்கி ஏறிவிடும். தோட்டத்துச் செம்மண் சாலைக்கு மட்டும் எதுவும் உதவாது. வண்டி வராத தார்த் தளமும் தலைக்கவசமும் வேண்டும்.