‘ஜெனரல் வார்டா மாத்திட்டியா?’

“ஏண்டா, வீட்டுக்கு வெள்ளை அடிச்சியா, இல்லே ஜெனரல் வார்டா மாத்திட்டியா?”

ஒரு மாசம் கும்பகோணத்தில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வந்த அப்பா, வாசலில் பையை வைத்ததும் கேட்ட முதல் கேள்வி. சிரிக்கவே இல்லை மனுஷர். உள்ளே வந்து ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். “என் நாற்காலி எங்கே?” என்றார்.

“மொட்டை மாடியில இருக்குப்பா...”

அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இந்த வம்பு எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். 2018 அக்டோபரில் ஆபீஸ் வேலையாக ஆறு மாசம் கோபன்ஹேகன் போனேன். டென்மார்க் தலைநகர். (1620-லிருந்து 1845 வரை தரங்கம்பாடியை வைத்திருந்தார்களே, அதே டேனிஷ்காரர்கள்தான்!) டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் சூரியன் வரும், மதியம் மூன்றே முக்காலுக்குள் கிளம்பிவிடும், கவர்மென்ட் ஆபீஸ் ஆசாமி மாதிரி. ஆனால் கூட வேலை பார்த்தவர் வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிடப் போனேன் பாருங்கள்... அசந்துவிட்டேன். வெள்ளைச் சுவர், வெளிர் மரத்தரை, அங்கங்கே சின்னச் சின்ன விளக்கு. வீட்டில் சாமானே கொஞ்சம்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும், நம்ம வீடு மாதிரியே!

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். மேற்கு மாம்பலத்தில் இரண்டு ரூம் வாடகை போர்ஷன் என்றால் என்ன, கோபன்ஹேகனாக்கிக் காட்டுகிறேன் என்று.

திரும்பி வந்து, அப்பா ஊருக்குப் போன நேரம் பார்த்துக் காரியத்தில் இறங்கினேன். ஷோகேஸ் பழைய சாமான்காரரிடம் போனது. சுவரெல்லாம் பளீர் வெள்ளை. ட்யூப்லைட்டைக் கழற்றிவிட்டு மூன்று பல்புகளை வெறுமனே ஒயரில் தொங்கவிட்டேன். முதுகில்லாத ஸ்டூல் நாலு. ‘ஃபாரின் மாடல்’ என்று ஒரு கடைக்காரர் தலையில் கட்டிய அலமாரி ஒன்று. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. முதல் மழையிலேயே கால் வீங்கி, யானைக்கால் வந்த மாதிரி நின்றது.

“என்னங்க, மாமாவுக்கு இதெல்லாம் ஒத்துக்குமா?” என்று மனைவி அப்போதே கேட்டாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

அப்பா வந்த மூன்று நாளும் மாடிப்படியில்தான் உட்கார்ந்திருந்தார். பேப்பரும் அங்கேதான். ஸ்டூலில் அவரால் பத்து நிமிஷம் உட்கார முடியாது. வயசு எழுபத்தி மூன்று. ராத்திரி மூன்று பல்பும் கண்ணைக் குத்துகிறதே தவிர, எழுத்துத் தெரியவில்லை. நாலாம் நாள் காலை மெதுவாகச் சொன்னார்:

“நான் கும்பகோணத்துக்கே போயிடறேண்டா. அங்க உட்கார இடம் இருக்கு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்... எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருங்கப்பா” என்று மட்டும் சொன்னேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல், கோபன்ஹேகன் டிசைன் மியூசியத்தில் எடுத்த போட்டோக்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடமே பழைய காலத்து ஆஸ்பத்திரிதான். அப்பா வாயில் சர்க்கரை! அதை மியூசியமாக மாற்றிக் கொடுத்தவர்களில் ஒருவர் கோரே கிளிண்ட். 1924-லிருந்து அங்கே நாற்காலி, மேஜை செய்யும் கலையைச் சொல்லிக் கொடுத்த வாத்தியார். இவர் மாணவர்களிடம் புதுசாக யோசி என்று சொல்லவே மாட்டாராம். பழைய நாற்காலியைக் கொண்டு வா, அளந்து பார், ஏன் இதில் உட்கார வசதியாக இருக்கிறது என்று கண்டுபிடி, வேண்டாததைக் கழி. இதுதான் பாடம். 1933-ல் அவர் செய்த சஃபாரி நாற்காலி உலகப் பிரசித்தம். அதற்கு மூலம் எது தெரியுமா? நம்ம ஊர் ரூர்க்கியில் வெள்ளைக்கார ராணுவத்துக்காகச் செய்த மடக்கு நாற்காலி! மரச்சட்டம், நடுவில் கான்வாஸ் துணி.

மரச்சட்டம், துணி... சட்டென்று எழுந்து மொட்டை மாடிக்கு ஓடினேன். அப்பாவின் சாய்வு நாற்காலி தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. தேக்கு. தாத்தா வாங்கியது. துணிதான் கிழிந்திருந்தது. ஆறு மாசம் அங்கே எதைப் பார்த்து வாயைப் பிளந்தேனோ, அதன் சித்தப்பாவை நான் வெயிலில் போட்டிருந்தேன்.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு. டெய்லரிடம் கெட்டிக் காடாத் துணி கொடுத்துத் தைத்தது முந்நூறு ரூபாய். மரத்தை உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசினேன்.

அடுத்தது விளக்கு. பால் ஹென்னிங்சன் என்று ஒரு டேனிஷ்காரர். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தவர். கரண்ட் பல்பின் கூச்சத்தைத் தாங்க முடியாமல், 1920-களிலிருந்து ஆயுசு முழுக்க ஒரே வேலையாக, தட்டுத் தட்டாக மூடி வைத்து, பல்பு கண்ணில் படாமல் வெளிச்சம் மட்டும் கீழே இறங்குகிற விளக்குகளைச் செய்தார். அவர் எதை எதிர்த்துப் போராடினாரோ, அதை நான் மூன்றாக வாங்கி ஹாலில் தொங்கவிட்டிருக்கிறேன்! இரண்டைக் கழற்றினேன். ஒன்றுக்குப் பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தாழ இறக்கினேன். மஞ்சள் வெளிச்ச எல்.ஈ.டி. பல்பு. ட்யூப்லைட்டும் பழைய இடத்துக்கு வந்தது. அரிசியில் கல் பொறுக்க அதுதான் வேணும் என்று மனைவி உத்தரவு.

வெள்ளைச் சுவர் விஷயமும் அப்படித்தான். அவர்களுக்கு வெளிச்சம் பஞ்சம்; கிடைக்கிற சொச்சத்தை வீணாக்காமல் திருப்பி அனுப்பத்தான் வெள்ளை. ஒரே ஜன்னல் வைத்த என் உள் ரூமுக்கு அது பொருந்தியது. மேற்கு வெயில் அடிக்கிற ஹாலில் நாலு மணிக்குக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டியிருந்தது! ஹால் இப்போது சந்தன நிறம். தரையில் பவானி ஜமுக்காளம். அங்கே கிழிசல் துணியில் நெய்த விரிப்பு போடுவார்கள், நமக்கு இது.

ஒன்றே ஒன்றை மட்டும் அப்படியே காப்பியடித்தேன். போர்க்கே மோகன்சன் என்ற இன்னொருவர் 1950-களில் அலமாரி செய்வதற்கு முன்னால், ஒரு வீட்டில் எத்தனை சட்டை, எத்தனை கரண்டி இருக்கும், அது என்ன அளவு என்று கணக்கெடுத்தார். நாங்களும் உட்கார்ந்து எண்ணினோம். என் சட்டை முப்பத்தி நாலு. பட்டன் போட முடிவது பதினொன்று. பிளாஸ்டிக் டப்பா நாற்பத்தி ஒன்று. மூடி பொருந்துவது இருபத்தி மூன்று. வீங்கின அலமாரி போன பிறகும் இடம் மிச்சம்!

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவை உள்ளே கூப்பிட்டேன். நாற்காலியைப் பார்த்தார். துணியை ஒரு முறை தடவிவிட்டு உட்கார்ந்தார். பேப்பரைப் பிரித்தார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தலையைத் தூக்காமலே, “அம்மாடி, காப்பி இங்கேயே கொண்டு வந்துடு” என்றார்.

கும்பகோணம் டிக்கெட் எடுக்கவில்லை.

போன வாரம் வீட்டுக்கார மாமா வாடகை வாங்க வந்தார். எங்கெங்கே ஆணி அடித்திருக்கிறேன் என்று சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘அப்பாடா’ என்று அந்த நாற்காலியில் சாய்ந்தார். முக்கால் மணி நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை.

அப்பா பேப்பரோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.