பேரு ஒண்ணு... வயிறு வேற!

குவைத்திலிருந்து அத்தை மகன் போன் பண்ணினான்.

"மாப்ளே, அடுத்த மாசம் ஊருக்கு வர்றேன். உனக்கு ஐபோன் 17 புரோ வாங்கிட்டு வரவா? நம்ம ஊர்ல விக்கிறதைவிட இங்கே பேட்டரி பெருசுடா!"

'ஃபாரின் சாமான்' பெருமை இன்னும் போகலை பாரு என்று சிரித்தேன். விசாரித்தால்... பயல் சொன்னது நிஜம்!

2025-ல் வந்த அந்த போனுக்கு இந்தியாவில் 3988 எம்.ஏ.எச். பேட்டரி. குவைத், சவுதி, அமெரிக்கா, ஜப்பானில் 4252. பெயர் ஒன்றுதான், வயிறு வேறு! காரணம், அங்கே விற்கும் போனில் சிம் கார்டு செருகும் தட்டே கிடையாது. எல்லாம் 'இ-சிம்'. மிச்சமான இடத்தையும் பேட்டரிக்கே கொடுத்துவிட்டார்கள்.

அப்போ நாம எப்பவும் இளப்பமா? அதுதான் இல்லை. அதே 2025-ல் வந்த 'நத்திங் போன் 3'-க்கு இந்தியாவில் 5500. வெளிநாடுகளில் 5150-தான்! (பேரு என்னவோ நத்திங்!)

இதில் ஒரு கணக்கு இருக்கிறது சார். எம்.ஏ.எச்.-ஐ ஆயிரத்தால் வகுத்து, வோல்ட்டால் பெருக்கினால் வாட்-அவர். ஒரே லித்தியம் செல் 20 வாட்-அவரைத் தாண்டினால், நாடு விட்டு நாடு அனுப்பும்போது முழு 'அபாயகரமான சரக்கு' கெடுபிடி வந்துவிடும். 5150 மயிரிழையில் 20-க்குள் அடங்கும். 5500 தாண்டிவிடும்.

ஆகவே, வெளிநாட்டில் வாங்கினால் உசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள். எந்த நாட்டுக்கான மாடல், எத்தனை எம்.ஏ.எச். என்று பாருங்கள்.

சரி, மச்சானுக்கு என்ன பதில் சொல்ல? 264 எம்.ஏ.எச். கூடுதல். ஆசையாகத்தான் இருந்தது. அப்போதுதான் கஜா ஞாபகம் வந்தது.

2018 நவம்பர் 16. கீரமங்கலத்தில் விடிந்தபோது தென்னை, பலா, கரண்ட் கம்பம் எல்லாம் தரையில். அத்தை வீட்டு ஓடு எங்கே பறந்ததோ தெரியவில்லை. இரண்டாம் நாளே என் ஸ்மார்ட் போன் செத்துவிட்டது. கரண்ட் வருகிற வழியைக் காணோம். குவைத்தில் இவன் தாயைப் பற்றித் தகவல் தெரியாமல் துடித்துக்கொண்டிருப்பான்.

பக்கத்து வீட்டு அப்பத்தாவின் பட்டன் போனில் மட்டும் இரண்டு கோடு சார்ஜ். சின்ன வயிறு, ஆனால் பசி தாங்குகிற வயிறு! அவர் சிம்மில் டவர் இல்லை. என் சிம்மைக் கழற்றி அதில் போட்டேன். நானோ சிம், அந்தப் பெரிய பள்ளத்தில் ஆடியது. பேப்பரை மடித்துச் செருகி, மரங்களைத் தாண்டித் தாண்டி, டவர் கிடைக்கும் இடம்வரை நடந்தேன். ஒரு மிஸ்டு கால். அடுத்த நிமிஷமே அவன்...

"அத்தை நல்லா இருக்காங்கடா."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அழுகை மட்டும்தான்.

அவனிடம் இப்போது சொல்லிவிட்டேன்: "மச்சான், போன் வேணாம். அந்தச் சிம் தட்டு எனக்கு வேணும். நீ வரும்போது, அத்தைக்கு ஒரு நல்ல டார்ச் லைட் வாங்கிட்டு வா!"