இன்னும் எட்டாதவர் தரும் ஊக்கம்

சாதித்து முடித்தவரின் வாழ்க்கையே பிறரைத் தூண்டும் என்ற எண்ணம், பள்ளிச் சுவரில் தொங்கும் தலைவர் படங்கள் முதல் ஆண்டுவிழாச் சொற்பொழிவுகள் வரை வேரூன்றியிருந்தாலும், உளவியல் சோதனைகள் அதற்குப் பாதி ஆதரவையே தருகின்றன. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பெனலோப் லாக்வுட்டும் ஸீவா குண்டாவும் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கியல் மாணவர்களுக்கு அதே துறையில் ஒளிர்ந்த இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பற்றிய செய்தி படிக்கத் தரப்பட்டது. எட்டிப்பிடிக்கக் காலம் மீதமிருந்த முதலாண்டு மாணவர்கள் அதைப் படித்தபின் தம்மை உயர்வாக மதிப்பிட்டனர். அந்தக் காலத்தைக் கடந்துவிட்ட நான்காமாண்டு மாணவர்களிடம் அவ்வெழுச்சி காணப்படவில்லை. ஒரே மனிதரின் வெற்றி தரும் பலன், அதைக் காண்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் டேல் ஷங்க்கும் அவருடைய கூட்டாய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, ஒப்பிடும் பொருளையே மாற்றிப் பார்த்தது. பின்னக் கணக்கில் இடர்ப்பட்ட சிறுவர்களில் சிலருக்கு, பிழையின்றிக் கணக்கிடும் சகமாணவரும், வேறு சிலருக்கு, முதலில் தடுமாறிப் படிப்படியாகத் தேறும் சகமாணவரும் காட்டப்பட்டனர். முன்னவர் 'தேர்ந்த முன்மாதிரி' என்றும், பின்னவர் 'திணறித் தேறும் முன்மாதிரி' என்றும் சொல்லத்தக்கவர். பின்னவரைக் கண்ட சிறுவர்களிடமே கணக்குத் திறனும் தன்திறன் நம்பிக்கையும், அதாவது குறிப்பிட்ட ஒரு செயலைத் தம்மால் செய்ய முடியும் என்ற உறுதியும், கூடுதலாக வளர்ந்தன. இதில் வியப்பதற்கு அதிகமில்லை. விடிந்தபின் வாசலில் கிடக்கும் சிக்குக் கோலத்தைப் பார்த்து இழை எங்கே தொடங்கியது எனக் கண்டுபிடிப்பது கடினம், ஆனால் போடும் கையைப் பார்த்தவருக்கு அந்த ஐயம் எழுவதேயில்லை.

இன்னும் முற்றுப்பெறாத முயற்சியைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் இத்தகைய திறன் பேச்சு முழுமையாக வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் ஒருவர் இரு முனைகளிலும் கட்டைகள் பொருத்திய பொம்மையைப் பிரிக்க முயன்று தோற்பதைக் கண்ட 18 மாதக் குழந்தைகள், தாங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராத அந்தப் பிரித்தலைத் தாங்களே செய்து முடித்தனர்; அதே அசைவுகளை ஓர் இயந்திரம் செய்தபோது அவ்வாறு செய்தவர் குறைவு. அசைவிலிருந்து நோக்கத்தைப் பிரித்தெடுக்கக் குழந்தைக்கு எதிரே ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜூலியா லெனர்ட், லாரா ஷுல்ஸ் உள்ளிட்டோர் 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஏறத்தாழ 15 மாதக் குழந்தைகளில் சிலர், பெட்டிக்குள் இருந்த பொம்மைத் தவளையை ஒருவர் அரை நிமிடம் போராடி வெளியே எடுப்பதையும், மற்றவர்கள் அதே அரை நிமிடத்தில் ஒருவர் அதை எளிதாகப் பலமுறை எடுப்பதையும் பார்த்தனர். பின்னர் இசைக்கும் பொம்மை ஒன்று குழந்தையிடம் தரப்பட்டது. போராட்டத்தைக் கண்ட குழந்தைகள் அதன் பொத்தானை அதிக முறை அழுத்தினர். தவளைக்கும் பொத்தானுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாததால், அவர்கள் கற்றது ஒரு குறிப்பிட்ட செய்கையை அன்று, உழைப்புக்குப் பலன் உண்டு என்ற பொதுக் கருத்தையே எனக் கொள்ளலாம்.

எனினும் அந்தப் பொத்தான் அழுத்தினாலும் இயங்காதபடி வேண்டுமென்றே அமைக்கப்பட்டது, ஆகவே குழந்தைகளின் கூடுதல் உழைப்பு அங்கே பலன் தரவில்லை என்பதை மறந்துவிட்டு இம்முடிவைக் கொண்டாடுவது பொருந்தாது. லெனர்ட்டும் ஷுல்ஸும் பின்னர் 4, 5 வயதுச் சிறுவர்களிடம் நடத்திய சோதனைகளில், பெரியவரின் முயற்சி இறுதிவரை தோல்வியாகவே முடிந்தபோது அது சிறுவர்களின் விடாமுயற்சியைத் தூண்டும் வலிமை குறைந்தது. அந்த வயதில் குழந்தை, ஒருவர் பாடுபடுவதை மட்டுமன்றி, அந்தப் பாடு அவரை அங்குலமேனும் நகர்த்துகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கத் தொடங்கிவிடுகிறது.