குழாய் சொட்டினால் இடி இடிப்பது போல் இருக்கும்!
50 வயதில் பெண்களுக்கு வரும் புதிய தொல்லை

குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. சொட்... சொட்...

நாம் அதைக் கவனிப்பதே இல்லை. படுத்ததும் தூங்கிவிடுகிறோம்.

ஆட்டிசம் உள்ள பலருக்கு அப்படி அல்ல. அந்தச் சத்தம் தலையில் சுத்தியால் அடிப்பது போல இருக்கும். டியூப் லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தும். சட்டைக் கழுத்தில் தைத்த சிறு துணிச்சீட்டு முள்ளாக உறுத்தும்.

ஐம்பது வயதை நெருங்கும்போது, அவர்களில் சில பெண்களுக்கு இந்தத் தொல்லை திடீர் என்று அதிகமாகிறது. காரணம்? மாதவிலக்கு நிற்பது!

11 குழந்தைகள்

ஆட்டிசம் ஒரு நோய் அல்ல. பிறவியிலேயே மூளை வேலை செய்யும் விதம் வேறு. அவ்வளவுதான். ஆனால் அது பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்று பலர் நினைக்கிறார்கள்.

1943-ம் ஆண்டு, அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற டாக்டர் ஆட்டிசம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் வந்தவர்கள் 11 குழந்தைகள். 8 பேர் பையன்கள். 3 பேர்தான் பெண்கள்.

குழந்தைகள் வளர மாட்டார்களா? அவர்களுக்கும் 50 வயது வராதா? இதை டாக்டர்கள் வெகுகாலம் கேட்கவே இல்லை!

7 பேர் பேசினார்கள்

இங்கிலாந்தில், போர்ன்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் மோஸ்லி என்ற பெண்மணியும் அவருடைய தோழர்களும் இதைக் கேட்டார்கள். ஆட்டிசம் உள்ள 7 பேர் கூடிப் பேசியதை ஆராய்ந்தார்கள். கட்டுரை 2020-ல் வெளிவந்தது. அதன் தலைப்பு, "என் ஆட்டிசம் உடைந்தபோது" என்று தொடங்குகிறது.

அவர்கள் சொன்னது என்ன? சத்தமும் வெளிச்சமும் முன்னைவிடத் தாங்க முடியாமல் போயின. பேசுவதும் பழகுவதும் கடினம் ஆயின. ஆட்டிசத்தை வெளியே தெரியாமல் மறைத்து நடப்பது அதுவரை கைவந்த கலை. அந்தத் திரை கிழிந்துவிட்டது!

2022-ல் வெளியான நெதர்லாந்து ஆராய்ச்சியும் இதையே காட்டியது. மற்றப் பெண்களைவிட ஆட்டிசம் உள்ள பெண்களுக்கு இந்தக் காலத்தில் தொல்லை அதிகம்.

குப் என்று சூடு

பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் மாதவிலக்கு நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைகிறது. உடல் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி தடுமாறுகிறது. குப் என்று உடம்பு சுடும். வேர்வை கொட்டும்.

ஈரத் துணி முதுகில் ஒட்டினால் நமக்கே எரிச்சல் வரும். துணிச்சீட்டே முள்ளாகக் குத்துபவருக்கு எப்படி இருக்கும்? இரவில் தூக்கமும் கெடும். மறுநாள் குக்கர் விசில்கூடப் பகை ஆகிவிடும்.

இன்னொன்று. தன் உடம்பில் நடப்பது பசியா, சூடா, பயமா என்று பிரித்துச் சொல்வது ஆட்டிசம் உள்ள சிலருக்குச் சிரமம். டாக்டர் கேட்டால் பதில் வராது. "ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடுவார்கள்.

என்ன செய்யலாம்?

எந்தச் சத்தம், எந்த நேரம், எத்தனை மணி நேரத் தூக்கம் என்று ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். அதை டாக்டரிடம் கொடுங்கள். ஹார்மோன் மருந்து பலருக்குச் சூட்டைக் குறைக்கிறது. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை. டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது!

மெல்லிய பருத்தித் துணி நல்லது. காதில் வைக்கும் அடைப்பான் கடையில் கிடைக்கிறது. விளக்கைக் குறைத்த ஓர் அறை இருந்தால் இன்னும் நல்லது.

"இத்தனை நாள் பொறுத்தாயே, இப்போது மட்டும் என்ன?" என்று வீட்டில் கேட்காதீர்கள். முதலில் அந்தக் குழாயை ரிப்பேர் செய்யுங்கள்!