வழக்காடும் தீவு

அயர்லாந்து நாட்டின் மேற்குக் கோடியில், கெர்ரி மாவட்டத்துக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில் கிரேட் பிளாஸ்கெட் என்றொரு தீவு இருக்கிறது. அதன் நீளம் ஐந்தாறு கிலோமீட்டர். அகலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மிகும். அங்கே மரமில்லை, கடையில்லை, தேவாலயமில்லை, மருத்துவருமில்லை. மக்கள் மிகுந்து வாழ்ந்த நாளிலும் அவர்கள் தொகை 200-ஐ எட்டவில்லை. இத்தகைய தீவிலிருந்து 1928-க்கும் 1936-க்கும் இடையே, ஐரிஷ் மொழியின் தலைசிறந்த உரைநடை நூல்களுள் வைத்து எண்ணப்படும் நான்கு நூல்கள் வெளிவந்தன. எழுதியவர் மூவர். மூவருமே அத்தீவில் பிறந்தோ வாழ்க்கைப்பட்டோ அங்கு வாழ்ந்தவர்கள். இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதல்வர் தோமாஸ் ஓ கிரோஹன். 1856-இல் பிறந்தவர், மீனவர். வீட்டிலும் படகிலும் அவர் பேசியது ஐரிஷ் மொழி. பள்ளியில் கற்பித்ததோ ஆங்கிலம். ஆகவே தாய்மொழியில் எழுத்துக் கூட்டவும் அறியாமலே நடுவயதை அடைந்தார். கடல் கொந்தளித்து எதிர்க்கரையில் தங்க நேர்ந்த நாட்களில், தாம் தங்கிய வீட்டுக் குழந்தைகளின் பாடப் புத்தகங்களைப் பார்த்துத்தான் ஐரிஷ் மொழியைப் படிக்கக் கற்றுக்கொண்டார். நாற்பதைக் கடந்தவர் சிறுவர்களின் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வெட்கப்படவில்லை என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1917-இல் பிரையன் கெல்லி என்ற இளைஞர் ஐரிஷ் மொழியைச் செம்மையாகக் கற்பதற்காகத் தீவிற்கு வந்தார். தோமாஸ் அவருக்கு ஆசிரியரானார். மாணவரோ தம் ஆசிரியரை எழுதவைக்க எண்ணினார். மீன் பிடித்தும் கரி வெட்டியும் கழிந்த வாழ்வில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்ற தயக்கம் இயல்பானதுதானே! கெல்லி வாதாடிக்கொண்டிருக்கவில்லை, நூல்களைப் படித்துக் காட்டினார். ஒன்று, பிரெஞ்சு எழுத்தாளர் பியர் லோட்டி 1886-இல் வெளியிட்ட, ஐஸ்லாந்துக் கடலுக்குச் செல்லும் மீனவரைப் பற்றிய நாவல். மற்றது மாக்சிம் கார்க்கியின் எழுத்து. வலையும் பசியும் மரணமும் அச்சில் ஏறி உலகம் படிக்கும் பொருளாக முடியும் என்பதைத் தோமாஸ் அப்போது கண்டார். கெல்லி காவியம் ஒன்றை எடுத்துச் சென்றிருந்தால் கிழவர் மரியாதையுடன் கேட்டிருப்பார். பிறகு படகைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார் என்றே நான் நினைக்கிறேன். ஒருவருக்கு நூலைப் பரிந்துரைக்கும்போது நம் பெருமையைவிட அவருடைய வாழ்வை நினைப்பது நலம்.

கெல்லி தாளும் பேனாவும் தந்து, நாள்தோறும் கண்டதையும் கேட்டதையும் எழுதுமாறு வேண்டினார். அவ்வாறு எழுதப்பெற்ற குறிப்புகளே 1928-இல் நூலாயின. 'தீவின் வாய்ச்சண்டை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பெயருக்கேற்ப நூல் முழுதும் வழக்காடல்தான். நாளை காற்று எத்திசையில் வீசும், மீனுக்கு என்ன விலை கிடைக்கும், மாவும் புகையிலையும் எப்போது வரும், அமெரிக்கா சென்றவர் நன்றாக இருக்கிறாரா, நாட்டு விடுதலைப் போர் எதில் முடியும் என எல்லாவற்றிற்கும் ஒருவர் ஒன்று சொல்வார், அடுத்தவர் மறுப்பார். இரவில் கூடிப் பேசும் ஒரு வீட்டிற்கு நாடாளுமன்றம் என்றே பெயர் சூட்டியிருந்தனர்!

இவ்வளவு சொற்போரும் பகையாக முற்றாதது ஏன்? அவர்களுடைய படகை நோக்கினால் காரணம் விளங்கும். மெல்லிய மரச்சட்டத்தின்மேல் கித்தான் துணியைப் போர்த்துத் தார் பூசிய தோணி அது. அதை வலிக்க மூவராவது நால்வராவது வேண்டும். காலையில் ஏசிக்கொண்ட இருவர் மாலையில் ஒரே தோணியில் துடுப்புப் போட்டாக வேண்டும். எனவே நாக்கு எவ்வளவு கூர்மையானாலும், எல்லை எது என்பதை அது அறிந்திருந்தது.

தோமாஸின் வாழ்க்கை வரலாறு 1929-இல் வெளிவந்தது. ஒரு மகன் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து இறந்ததையும், மற்றொரு மகன் கடலில் மூழ்கியதையும் அவர் சில வரிகளில் சொல்லி மேலே செல்கிறார். படிக்கும் நம்மால் அவ்வளவு விரைவாகச் செல்ல முடிவதில்லை. அந்நூலை 1934-இல் ஆங்கிலமாக்கியவர் பிரிட்டிஷ் மியூசியத்து ஏட்டுச்சுவடி அறிஞர் ராபின் பிளவர். பின்னர் மாரிஸ் ஓ சலிவன் தம் இளமைக் கதையை 1933-இல் வெளியிட்டார். அதன் ஆங்கிலப் பதிப்பிற்கு முன்னுரை தந்தவர் நாவலாசிரியர் இ. எம். பார்ஸ்டர். எதிர்க்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெக் சேயர்ஸ் என்ற மூதாட்டி தம் வரலாற்றை மகனிடம் சொல்லி எழுதுவித்தார். அது 1936-இல் வெளியாயிற்று. பிற்காலத்தில் அதை அயர்லாந்துப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கினர். பல தலைமுறை மாணவர்கள் அந்த அம்மையாரை மனமார வெறுத்ததற்கு அவர் பொறுப்பல்லர்.

மாரிஸை எழுதத் தூண்டியவர் ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்கமொழி அறிஞர். 1923-இல் முதன்முறை தீவிற்கு வந்த அவர், அம்மக்களின் அன்றாடப் பேச்சில் ஹோமரே உயிர்த்தெழுந்ததாக உணர்ந்தார். இந்தத் தாம்சன் பின்னர் பர்மிங்காமில் பேராசிரியராக இருந்தபோது அவரிடம் ஆராய்ச்சி செய்தவர் ஈழத்து அறிஞர் க. கைலாசபதி. சங்கப் பாடல்களை வாய்மொழி வீரப்பாடல் மரபோடு ஒப்பிட்டு ஆராயும் அவருடைய ஆங்கில நூல் 1968-இல் வெளிவந்தது. புறநானூற்றை அந்நோக்கில் கற்கும் நம் கல்லூரி மாணவருக்கும் பிளாஸ்கெட் தீவுக்கும் இப்படியொரு தூரத்து உறவுண்டு.

இளைஞர் அமெரிக்கா சென்றனர். தோணி வலிக்க ஆள் குறைந்தது. புயல் சூழ்ந்த நாட்களில் மருத்துவரும் உணவும் வந்து சேரவில்லை. 1953 நவம்பரில் எஞ்சியிருந்த இருபத்துச் சொச்சம் பேரை அரசாங்கம் எதிர்க்கரைக்குக் குடியேற்றத் தொடங்கியது. பலர் தம் புதிய வீட்டிலிருந்தே பழைய வீட்டைக் காண முடிந்தது.

இந்நூல்களுள் எதை முதலில் எடுப்பது என்று கேட்பவர்களுக்கு நான் 'தீவின் வாய்ச்சண்டை'யையே சொல்வேன். 1986-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அங்கிருந்தே தொடங்கலாம். என் நண்பர் ஒருவர் இதை ஒப்புவதில்லை. மாரிஸின் இளமைக் கதையைப் படிக்காதவன் தீவில் கால் வைக்கவே தகுதியற்றவன் என்பார். நாங்கள் இருவரும் ஒரே தோணியில் துடுப்புப் போடுபவர்கள் அல்லர். ஆகையால் இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.