தாமிரபரணியின் மற்றொரு முத்து

கொற்கை என்ற மாத்திரத்தில் தமிழர் மனத்தில் தோன்றுவது முத்து. பாண்டியரின் அத்துறைமுகத்தை யவன மாலுமிகளும் நன்கறிந்திருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பிரயாண நூல், இவ்விடத்தில் முத்துக் குளிப்பதற்குத் தண்டனை பெற்ற கைதிகளை ஏவினர் என்று குறிக்கிறது. முத்துக்களின் புகழ் உலகெங்கும் பரவிற்று. மூச்சடக்கி மூழ்கியவர்களில் ஒருவன் பெயரேனும் நம்மை வந்தடையவில்லை. இன்று கடல் சில மைல் தூரம் விலகிப் போய்விட்டது. 1968-69-ல் தொல்பொருள் துறையினர் தோண்டிப் பார்த்த அவ்வூர், வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே ஆடுமாடு மேயும் சிற்றூராக இருந்து வருகிறது.

அரசர்களின் முத்தைப் பற்றி எழுதியவர் பலர். அதே ஆற்றின் மறுகோடியில், பொதிகை மலைச்சாரலில், ஏழை ஜனங்கள் போற்றிவரும் மற்றொரு முத்தைப் பற்றி நாம் இன்று எழுத விரும்புகிறோம். மாட்டு மந்தையைக் காக்கப் போய் உயிர்விட்ட வாலிபன் அவன். பெயர் முத்துப்பட்டன்.

நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இக்கதை புதிதன்று. முத்துப்பட்டன் அந்தணர் குலத்திற் பிறந்தவன். தமையன்மாருடன் மனம் வேறுபட்டு மலையாள நாடு சென்று, கொட்டாரக்கரை அரசனிடம் சேவகம் புரிந்து, ஊர் திரும்பும் வழியில் காட்டிலே பாடிவந்த பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரிகளைக் கண்டான். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை, செத்த மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்திச் செருப்புத் தைக்கும் குலத்தவன். மாட்டு மந்தைகளுக்குக் காவலன். பெண் கேட்ட வாலிபனை நோக்கி அவன் சொன்ன மறுமொழிதான் இக்கதையின் உயிர்நாடி. பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, தோல் வேலை கற்று, தன் கையால் செருப்புத் தைத்துக் கொண்டுவந்தால் பெண் தருவேன் என்றான். தமையன்மார் தடுத்தனர், அடைத்தும் வைத்தனர். பட்டன் கேட்கவில்லை. சொன்னபடியே செய்து முடித்தான்.

உயர்குலத்தான் ஒருவன் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணை விரும்பியதாகக் கூறும் கதைகள் நம் நாட்டில் ஏராளம். அவற்றிலெல்லாம் பெண்தான் மாற வேண்டியிருக்கும். இங்கே மாறியவன் ஆண். நிபந்தனை விதித்தவன் தோல் தைக்கும் கிழவன்! சீர்திருத்தக்காரர் எவரும் மேடையேறிப் பேசாத காலத்திலேயே, எழுத்தறியாத பாட்டுக்காரர்கள் இதைத் துணிந்து பாடினார்கள் என்பதை எண்ணி நாம் வியக்கிறோம்.

மணம் முடிந்த அன்றிரவே மந்தையைக் கள்வர் வளைத்துக்கொண்டனர் என்ற செய்தி வந்தது. மாமனாரின் பொறுப்பிலிருந்த மாடுகள். இழந்தால் அக்குடும்பத்தின் சொல்லும் மானமும் போகும். பட்டன் கம்பெடுத்துப் புறப்பட்டான். கள்வர்களை முறியடித்தான். சண்டை ஓய்ந்தபின் மறைந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திவிட்டான். இளம் மனைவியர் இருவரும் உடன்கட்டை ஏறினர் என்று கதை முடிகிறது. அவ்வழக்கத்தை நாம் போற்றுவதற்கில்லை. 1829-ல் சட்டத்தால் விலக்கப்பட்டது நன்றே ஆயிற்று. எனினும் அப்பெண்களின் துயரத்தைப் பாட்டுக்காரர் பாடும்போது கண் கலங்காதவர் அரியர்.

ஆநிரை காத்து மடிந்தவனை நினைவில் நிறுத்துவது தமிழரின் மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியம் நிரை கவர்தலையும் மீட்டலையும் போரின் இலக்கணத்திலேயே வைத்துப் பேசுகிறது. 2006-ல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில் மாண்ட அந்தவன் என்பவனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வேந்தனுக்கு மெய்க்கீர்த்தி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மாட்டுக்காக மடிந்தவனுக்குக் கல் எழுந்துவிட்டது.

பட்டனுக்கோ கோயிலே எழுந்தது. பாபநாசத்திற்கு மேலே, காரையாற்றுக் காட்டில், சொரிமுத்து ஐயனார் சந்நிதியைச் சேர்ந்து பட்டவராயன் என்ற பெயருடன் இரு மனைவியரோடும் அவன் வீற்றிருக்கிறான். ஆடி அமாவாசையன்று பல்லாயிரம் ஜனங்கள் அங்கே கூடுகின்றனர். சிங்கம்பட்டி ஜமீனின் கடைசி ராஜா முருகதாஸ் தீர்த்தபதி, 2020-ல் காலமாகும் வரை, அன்று ராஜ உடையில் கொலுவிருந்து காட்சி தருவது வழக்கமாயிருந்தது. பட்டவராயனுக்கு வரும் காணிக்கை பொன்னோ பட்டோ அன்று, தோற் செருப்பு. காணிக்கைச் செருப்பு நாளடைவில் தேய்ந்திருக்கும் என்றும், பட்டவராயன் அதை மாட்டிக்கொண்டு இரவில் காடு சுற்றி மந்தை காக்கிறான் என்றும் ஜனங்கள் நம்புகின்றனர். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் நாட்டில், செருப்பையே தெய்வத்தின் முன் வைக்கும் ஸ்தலம் இது!

ஆனால் நினைவைப் போற்றுகிறவர்களே அதைத் திருத்திவிடுவதும் உண்டு. பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பில் அந்தணப் பெண்களே, காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று கூறும் பாடம் ஒன்று வழங்குகிறது. நாங்குநேரி தந்த பேராசிரியர் நா. வானமாமலை இக்கதையைப் பதிப்பித்தபோது, இது மேற்குலத்தாரின் மனம் கோணாதிருக்கப் பிற்காலத்தில் நுழைத்த மாற்றம் என்று கருதினார். நமக்கும் அதுவே சரியெனப் படுகிறது. பெண்கள் அந்தணரானால் பட்டன் எதைத் துறந்தான்? எதற்காகக் குடுமியைக் களைந்தான்? அவன் தியாகம் முழுதும் ஒரு வரியில் களவு போய்விடுகிறதல்லவா? மந்தை கவர்ந்த கள்வரைவிட இத்திருத்தக்காரர் செய்த கொள்ளை பெரிது.

இது பழங்கதையோடு நின்ற விஷயமாயிருந்தால் நாம் இத்தனை எழுதியிரோம். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா வட்டாரத்தில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நான்கு தாழ்த்தப்பட்ட வாலிபர்களை, பசுக் காவலர் என்று சொல்லிக்கொண்டவர்கள் கட்டி வைத்து அடித்தனர். தேசமே அதைப் பார்த்தது. மாட்டின் மீது பக்தி. அது செத்தபின் அப்புறப்படுத்துகிறவன் மீது சவுக்கு! அதே குஜராத்திற் பிறந்த காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கப் பழகி, தம்மைச் சிறையிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்குத் தம் கையால் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகள் அணிந்து, 1939-ல் மரியாதையுடன் திருப்பியனுப்பினார். காந்தியடிகள் முத்துப்பட்டன் கதையைக் கேட்டிருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பார்.

நெல்லைப் பக்கத்துச் சாலைகளில் ஆடி மாதத்தில் போவோர், செருப்பு ஜோடிகளைக் கையிலேந்தி மலையேறும் குடும்பங்களைக் காணலாம். குழந்தை பிழைத்ததற்கும் மாடு நோய் தீர்ந்ததற்கும் நேர்ந்துகொண்ட காணிக்கைகள் அவை. அவற்றைத் தைத்த கை யாருடையது, அவன் குடியிருக்கும் தெரு எது என்று கேட்பாரைத்தான் அங்கே காண்பது அரிதாயிருக்கிறது.